டிராஃபிக்கில் கொதிக்கும் பைக் எஞ்சின்: கூலிங் எப்படி வேலை செய்கிறது, ஓவர்ஹீட் ஆனால் என்ன செய்ய வேண்டும்?

மே மாதம், மதியம் இரண்டு மணி. பல்லாவரம் அருகே ஜிஎஸ்டி சாலையில் வாகனங்கள் நகரவே இல்லை. எங்கள் அலுவலக நண்பரின் 200 சிசி பைக்கில் சிவப்பு நிற டெம்பரேச்சர் லைட் எரிகிறது. ஓரம் கட்டி நிறுத்துகிறார். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து லேசாக ஆவி வருகிறது. கூலன்ட் தீர்ந்துவிட்டது போல, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டுகிறார்.

"தம்பி, கையை எடுங்க! அந்த மூடியைத் தொடாதீங்க!"

எதிரே பஞ்சர் கடையிலிருந்து குரல்.

"ரொம்ப சூடா இருக்குண்ணா, தண்ணி ஊத்தலாம்னு பார்த்தேன்."

"இப்பத் திறந்தா மூஞ்சிலதான் அடிக்கும். மொதல்ல வண்டியை நிழலுக்குத் தள்ளுங்க. ஆறட்டும்."

அந்த ஒரு குரல் இல்லையென்றால் நண்பர் அன்று அலுவலகத்துக்குப் பதில் மருத்துவமனைக்குப் போயிருப்பார். இதில் விசித்திரம் என்னவென்றால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அதே வண்டியில் ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போய் வந்திருந்தார். அப்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ஓட்டும்போது சும்மா இருந்த வண்டி, நிற்கும்போது கொதித்தது ஏன்? இதற்கான விடையை கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன், எஞ்சின் ஏன் சூடாகிறது, அந்தச் சூடு எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

எஞ்சின் ஏன் இவ்வளவு சூடாகிறது?

நாம் காசு கொடுத்துப் போடும் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் தோராயமாகக் கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மிச்சம் எல்லாம் சூடுதான். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியே போய்விடும். இன்னொரு பகுதி எஞ்சின் உலோகத்தில் இறங்குகிறது. அதை வெளியேற்றுவதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 40 கி.மீ. தரும் பைக், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எரியும். அதிலிருந்து சூடாக மாறுவது ஏறத்தாழ 10 கிலோவாட். நம் வீட்டு பாத்ரூமில் இருக்கும் 2,000 வாட் கீசர் ஐந்தை ஒரே நேரத்தில் ஆன் செய்தால் வரும் சூடு. அதை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம்.

பெட்ரோல் எரியும் அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் உருகுவதில்லை. காரணம், அந்த உச்ச வெப்பம் நொடியில் ஒரு சிறு பகுதி மட்டுமே நீடிக்கிறது. அடுத்த கணமே புது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. இடையில் உலோகத்தில் ஏறிய சூட்டை ஆயிலும் காற்றும் கூலன்ட்டும் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இந்த ஓட்டம் எங்காவது தடைப்பட்டால்தான் சிக்கல்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த கூலிங்?

ஏர் கூல்டு: ஸ்ப்ளெண்டர் போன்ற கம்யூட்டர் பைக்குகளில் இருப்பது இது. எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் அந்தத் தகடுகள்தான் ஃபின்ஸ். அழகுக்காக வைத்தவை அல்ல. காற்று படும் பரப்பை அதிகமாக்குவதற்காக வைத்தவை. வண்டி ஓட ஓடக் காற்று அவற்றின் இடையே புகுந்து சூட்டைத் தூக்கிச் செல்லும். பம்ப் இல்லை, குழாய் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும்.

ஸ்கூட்டரில் எஞ்சின் பாடிக்குள் மறைந்திருப்பதால் எதிர்க்காற்று நேராகப் படாது. அதனால் ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு விசிறியே காற்றை அடிக்கிறது. எஞ்சின் ஓடும்வரை விசிறியும் ஓடும்.

ஆயில் கூல்டு: எல்லா எஞ்சினிலும் ஆயில் ஓரளவு சூட்டைச் சுமக்கிறது. ஆயில் கூல்டு வண்டிகளில் அந்த வேலையை இன்னும் திட்டமிட்டுச் செய்கிறார்கள். சூடான ஆயிலை ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக அனுப்பி, ஆறவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவார்கள். அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி இதற்கு உதாரணம். 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ம் ஏர்-ஆயில் கூல்டுதான்.

லிக்விட் கூல்டு: எஞ்சின் சுவருக்குள்ளேயே பாதைகள் இருக்கும். அதற்குள் கூலன்ட் சுற்றிவந்து சூட்டை எடுத்து முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் இறக்கிவைக்கும். 2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் டியூக் 200, பல்சர் 200 என்எஸ் என வரிசையாக வந்து, இது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. ராயல் என்ஃபீல்டு கூட 2023-ல் ஹிமாலயன் 450-ல் லிக்விட் கூலிங்குக்கு வந்துவிட்டது. ஏரோக்ஸ் 155 போன்ற ஸ்கூட்டர்களிலும் இருக்கிறது.

இந்த சிஸ்டத்தில் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள்: கூலன்ட்டைத் தள்ளும் வாட்டர் பம்ப், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட், சூட்டை இறக்கும் ரேடியேட்டர், காற்று போதாதபோது சுற்றும் எலக்ட்ரிக் ஃபேன், அழுத்தத்தைக் காக்கும் ரேடியேட்டர் மூடி. ஐந்தில் ஒருவர் லீவு போட்டாலும் வண்டி கொதிக்கும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏன் சூடு ஏறுகிறது?

60-ல் போகும்போது எஞ்சின் நிறைய சூட்டை உருவாக்குகிறது. ஆனால் எதிர்க்காற்றும் அதே வேகத்தில் அடிக்கிறது. வரவும் செலவும் சரியாகப் போகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உருவாக்கும் சூடு குறைவுதான். ஆனால் செலவு ஏறக்குறைய பூஜ்ஜியம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது.

இதோடு சுற்றுப்புற வெப்பமும் சேர்கிறது. சூடான பொருளுக்கும் காற்றுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாகச் சூடு வெளியேறும். அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி வெயில், கீழே தார்ச்சாலையின் தகிப்பு, முன்னால் பஸ்ஸின் புகை எனக் காற்றே கொதிக்கும்போது அந்த வித்தியாசம் குறைந்துவிடும். டிசம்பரில் அதே சிக்னலில் அதே நேரம் நின்றால் இவ்வளவு சூடு தெரியாது.

லிக்விட் கூல்டு வண்டியில் இந்த நேரத்துக்குத்தான் ஃபேன். கூலன்ட் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் தானாகச் சுற்றத் தொடங்கும். பல வண்டிகளில் இது 100 டிகிரியை ஒட்டிய அளவு. அப்போது முழங்காலில் அனல் அடிக்கும். புதிதாக இந்த வகை பைக் வாங்கியவர்கள் "என்னடா இது, வண்டி எரியுதா?" என்று பயப்படுவது இதைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டாம். ஃபேன் ஓடினால் சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

'என் பழைய வண்டி இவ்வளவு சூடாகாது!'

பிஎஸ்-6 வண்டி வாங்கிய பலரும் சொல்வது இது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தது. புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்ய, அது முதலில் பல நூறு டிகிரிக்குச் சூடாக வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆன சில நொடிகளிலேயே சூடேற வேண்டும் என்பதற்காக, பல மாடல்களில் அதை எஞ்சினுக்கு மிக அருகில், நம் காலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். காலில் அடிக்கும் அனலில் ஒரு பங்கு அதனுடையது.

இன்னொன்று, பெட்ரோல் கலவை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருப்பி பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாக விடுவார். எரியாமல் மிச்சமாகும் பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். இப்போது ஃபியூயல் இன்ஜெக்‌ஷனில் கம்ப்யூட்டர், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவை ஒட்டியே கொடுக்கிறது. மைலேஜ் நல்லது, புகை குறைவு. ஆனால் அந்த எக்ஸ்ட்ரா கூலிங் போய்விட்டது.

இதற்காகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வேறு சைலன்சர் போடுவது தீர்வல்ல. அது சட்டப்படி தவறு. எஞ்சின் உருவாக்கும் சூடும் அதனால் குறையாது.

எது சாதாரணம், எது ஆபத்து?

எஞ்சின் மீது தண்ணீர் தெளித்துப் பார்த்து, 'சுர்' என்றால் ஓவர்ஹீட் என்று சொல்வார்கள். இது தவறான சோதனை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏர் கூல்டு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கும் மேல் பகுதி சாதாரணமாக ஓடும்போதே 150 டிகிரியைத் தாண்டும். ஆரோக்கியமான எஞ்சினிலும் 'சுர்' வரத்தான் செய்யும்.

வண்டியை நிறுத்திய பிறகு கேட்கும் 'டிக்... டிக்...' சத்தமும் நார்மல்தான். சூட்டில் விரிந்த சைலன்சர் குழாய் ஆறும்போது சுருங்கும் சத்தம் அது.

உண்மையான எச்சரிக்கைகள் வேறு:

* டெம்பரேச்சர் லைட் எரிவது, அல்லது மீட்டரில் எப்போதும் நிற்கும் கோட்டைத் தாண்டி மேலே ஏறுவது.
* ஆக்சிலேட்டர் கொடுத்தும் வண்டி இழுக்காமல் சோர்ந்துபோவது.
* மேடேறும்போது எஞ்சினிலிருந்து சில்லறையைக் குலுக்கியது போல 'கிண் கிண்' சத்தம். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான்.
* கியர் இறுகுவது, நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது. ஆயில் சூடாகி இளகிப்போனால் இப்படி ஆகும்.
* இனிப்பான ஒரு வாசனை அல்லது வெள்ளை ஆவி. கூலன்ட் எங்கோ கசிகிறது.
* கருகிய ஆயில் வாசனை.

இவற்றைக் கண்டுகொள்ளாமல் 'வீட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் முதலில் ஹெட் கேஸ்கெட் போகும். இன்னும் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆவது என்பது இதுதான். ஓடும்போது சீஸ் ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு நிலை வந்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள். சக்கரம் விடுபடும், வண்டியை ஓரம் கட்டலாம்.

கூலன்ட்: கலர் தண்ணி இல்லீங்க!

"அது வெறும் பச்சைத் தண்ணிதானே, குழாய்த் தண்ணி ஊத்தினா போதும்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலின் கிளைகால், தண்ணீர், துருவைத் தடுக்கும் ரசாயனங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் சேர்வதால் 125 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

சரி, அப்போ கூலன்ட்டை மட்டும் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதா? இல்லை. சூட்டைச் சுமந்து செல்வதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கிளைகால் அதில் பின்தங்கியது. அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். கடையில் வாங்கும்போது 'பிரீமிக்ஸ்' என்று இருந்தால் அப்படியே ஊற்றலாம். 'கான்சென்ட்ரேட்' என்று இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதேதான்.

குழாய்த் தண்ணீர், குறிப்பாக போர் தண்ணீர் ஏன் கூடாது? உங்கள் வீட்டு கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரியும். வெள்ளையாக உப்பு அப்பியிருக்கும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால், கூலன்ட் போக வழி இருக்காது. உலோகத்திலிருந்து சூடு வெளியேறவும் அந்தப் படிவம் தடை.

கலரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். ஒரே கலரில் இருக்கும் இரண்டு கூலன்ட்டுகளின் ரசாயனம் வேறாக இருக்கலாம், கலந்தால் கெட்டியாகிக் குழாயை அடைக்கலாம். ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகையை, சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள்.

முக்கியமான ஒன்று: எத்திலின் கிளைகால் விஷம். சுவை இனிப்பாக இருக்கும் என்பதால் குழந்தைகளோ நாயோ பூனையோ நக்கிவிட வாய்ப்பு உண்டு. மீந்த கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், தெருவிலும் கொட்டாதீர்கள்.

ஆயில்: சத்தம் போடாத கூலன்ட்

ஏர் கூல்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆயில்தான் பாதி கூலிங். பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்க், கியர் என்று காற்று போக முடியாத இடத்துக்கெல்லாம் போவது அதுதான். ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 600 மில்லி இருந்தால், அதே சூட்டை குறைந்த ஆயில் சுமக்க வேண்டும். ஆயிலின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அது கெட்டுப்போகும் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்பது இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. டெலிவரி வேலையில் நாள் முழுக்க நின்று நின்று ஓடும் வண்டிக்கு, ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயில் மாற்றினால் போதாது. கிலோமீட்டர் குறைவாகத்தான் ஏறியிருக்கும், ஆனால் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். சீக்கிரமே மாற்றுவது நல்லது.

கிரேடு விஷயத்தில் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. 10டபிள்யூ-30 போடச் சொன்ன வண்டிக்கு, வெயில்காலம் என்று சொந்தமாக கெட்டியான ஆயில் போட வேண்டாம். கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதனால் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் இருக்கலாம். அதை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும், அதுவே தனியாக ஒரு சூடு.

ஓட்டுகிற விதத்திலும் சூடு இருக்கிறது

* அரை கிளட்சில் ஊர்வது: டிராஃபிக்கில் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. கிளட்ச் பிளேட் உரசி உருவாகும் சூடு நேராக ஆயிலில் இறங்கும். முன்னால் பத்தடி இடம் கிடைத்த பிறகு நகர்ந்து, முழுசாக நிறுத்துவது மேல்.
* பெரிய கியரில் திணறவிடுவது: நாலாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் நாக் அடிக்கும், சூடேறும். கியரைக் குறையுங்கள்.
* நீண்ட சிக்னலில் ஆஃப் செய்வது: கவுண்டவுன் அரை நிமிடத்துக்கு மேல் காட்டினால் எஞ்சினை நிறுத்தலாம். பெட்ரோலும் மிச்சம், சூடும் மிச்சம். ஆனால் லிக்விட் கூல்டு வண்டியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், கில் ஸ்விட்சில் எஞ்சினை மட்டும் நிறுத்திவிட்டு சாவியை ஆனில் விடுங்கள். பல வண்டிகளில் ஃபேன் தொடர்ந்து ஓடும். பேட்டரியை மனதில் வைத்து, ஃபேன் நின்றதும் சாவியைத் திருப்பிவிடுங்கள்.
* இழுவை இருக்கிறதா பாருங்கள்: நியூட்ரலில் தள்ளினால் வண்டி லேசாக உருள வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ, செயின் இறுக்கமாக இருந்தாலோ, டயரில் காற்று குறைவாக இருந்தாலோ எஞ்சின் சும்மாவே கூடுதல் வேலை செய்கிறது.

மலையேறும்போது கணக்கு வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு ஏறும்போது எஞ்சின் முழு பலத்தில் வேலை செய்யும். வண்டி வேகமோ 20, 30-தான். காற்று குறைவு, சூடு அதிகம். முதல், இரண்டாவது கியரில் விட்டு, கிளட்சை முழுசாக விடுவித்து, சீராக ஏறுங்கள். உயரம் கூடக் கூட தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மூடி லூசாக இருக்கும் ரேடியேட்டரோடு மலையேறுவது அதனால்தான் ரிஸ்க்.

ஓவர்ஹீட் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

1. பதறாமல் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக, முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள். எஞ்சினை ஆஃப் செய்யுங்கள்.
2. ஃபேன் இருக்கும் வண்டி என்றால் சாவியை ஆனில் விட்டு, அது ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடவில்லை என்றால், அந்தத் தகவல் மெக்கானிக்குக்குத் தேவைப்படும்.
3. ஏர் கூல்டு வண்டி என்றால் 20 நிமிடமாவது விடுங்கள். பிறகு ஆயில் அளவைப் பாருங்கள்.
4. லிக்விட் கூல்டு வண்டி என்றால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். பிறகு ரிசர்வ் டேங்க்கில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் கூலன்ட் ஊற்றுங்கள். கிடைக்காத அவசரத்துக்கு குடிதண்ணீர் பாட்டிலில் இருப்பதை ஊற்றி வீடு வரை போகலாம். அந்த வாரமே முழுசாக மாற்றிவிட வேண்டும்.
5. மீண்டும் ஸ்டார்ட் செய்த பிறகும் லைட் எரிந்தால் ஓட்டாதீர்கள். டெம்போ வாடகை, எஞ்சின் வேலையைவிட ரொம்பக் குறைவு.

செய்யவே கூடாதவை இரண்டு.

முதலாவது, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. விசில் அடங்காத குக்கரைத் திறப்போமா? இதுவும் அதேதான். உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி திறந்து அழுத்தம் போன அடுத்த நொடி கொதித்துப் பீய்ச்சும். முகம், கண், கை எல்லாம் வெந்துபோகும்.

இரண்டாவது, கொதிக்கும் எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றுவது. வெளிப்பக்கம் சட்டென்று சுருங்கும், உட்பக்கம் விரிந்தபடியே இருக்கும். விரிசல் விடலாம், வளையலாம். ஓடி வந்த வண்டியை நேராக வாட்டர் வாஷுக்கு விடுவதும் இதே கதைதான்.

சைலன்சர் சுட்டுவிட்டால்? நம் ஊரில் பாதிப் பேர் காலில் அந்த வடு இருக்கும். சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள்.

* ஆயில்: கண்ணாடி இருந்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் என்றால் திருகிப் பார்ப்பதா, வெறுமனே வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலைப் பாருங்கள்.
* கூலன்ட்: ரிசர்வ் டேங்க்கில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது.
* ஃபின்ஸ், ரேடியேட்டர்: சேறு, பாலிதீன் கவர், பூச்சி அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கத்தில் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.
* முன்பக்கம்: லெக் கார்டில் கட்டியிருக்கும் போர்டு, பை, மழைக்கோட்டு மூட்டை எல்லாம் எஞ்சினுக்கு வரும் காற்றைத்தான் மறைக்கின்றன. கழற்றுங்கள்.
* ஃபேன்: திறந்த வெளியில் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஃபேன் சுற்றும் வரை காத்திருங்கள். மூடிய பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆபத்தானது.

'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று யாராவது அதைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினாலும் தேய்மானம்தான். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக அந்தச் சூடு வேண்டும். எஞ்சின் சூடாக இருப்பது தப்பே இல்லை, அளவு தாண்டினால்தான் தப்பு.

சரி, நண்பரின் வண்டிக்கு என்ன ஆச்சு?

ஒரு மணி நேரம் கழித்து பஞ்சர் கடைக்காரரே ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஹைவேல ஓட்டும்போது சூடாகுதா, நின்னா மட்டும் சூடாகுதா?"

"நின்னா மட்டும்ணா."

"அப்போ ஃபேன்தான்."

இந்த ஒரு கேள்வியை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நின்றால் மட்டும் சூடு ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. ஈசிஆரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆறவைத்துவிடும், ஃபேன் தேவையே இல்லை. அதனால்தான் அங்கே பிரச்சினை தெரியவில்லை. மாறாக, வேகமாக ஓடும்போதும் சூடு ஏறினால் கூலன்ட் அளவு, அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபேனின் ஃபியூஸ் போயிருந்தது. இரண்டு வாரம் முன்பு ஒரு கடையில் ஃபாக் லைட் மாட்டியபோது, தனி வயர் இழுக்காமல் ஃபேன் லைனிலேயே கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார்கள். லோடு தாங்காமல் ஃபியூஸ் போய்விட்டது. லைட்டைக் கழற்றி, ஃபியூஸை மாற்றி, கூலன்ட் நிரப்பியதும் ஃபேன் சுற்றியது. ஃபியூஸின் விலை பத்து ரூபாய்.

நல்லவேளையாக, லைட் எரிந்ததுமே நிறுத்தியதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்துக்கும்தான். இப்போது அவர் சிக்னலில் நிற்கும்போது ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறாராம். முழங்காலில் அனல் அடித்தால் திட்டுவதில்லையாம்.

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது உங்கள் வண்டியில் ஃபேன் சுற்றுகிறதா என்று நீங்களும் ஒருமுறை கவனியுங்கள்.